லினக்ஸுக்குள் விண்டோஸ்: கேவிஎம், விர்ட்-மேனேஜர் பயன்படுத்திய அனுபவம்

லினக்ஸுக்கு மாறிய பிறகும் ஒரு பழைய ஸ்கேனர் என்னை விண்டோஸை விட்டு நகர விடவில்லை. ஸ்கேனர் நல்ல நிலையில்தான் இருக்கிறது, ஆனால் அதன் மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸிலேயே ஓட்ட உதவும் வைனில் போட்டுப் பார்த்தேன். மென்பொருள் திறந்தது, ஸ்கேனரைக் கண்டுகொள்ளவில்லை. விண்டோஸ் கெர்னலுக்கென (இயங்குதளத்தின் மையப் பகுதி) எழுதிய டிரைவரை, அதாவது கருவியை இயக்கும் நிரலை, வைனால் ஓட்ட முடியாது. நாலு பக்கம் ஸ்கேன் செய்ய கணினியை ரீஸ்டார்ட் செய்து விண்டோஸுக்குப் போய்த் திரும்பி வருவது என்று சில மாதம் ஓட்டினேன், அப்புறம் பொறுமை போய்விட்டது.

அதனால் லினக்ஸுக்குள்ளேயே விண்டோஸை ஓட்ட விர்ச்சுவல் மெஷினுக்கு (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) மாறினேன். முதலில் போட்ட விர்ச்சுவல் மெஷின் மென்பொருள், லினக்ஸ் கெர்னல் அப்டேட் வரும்போதெல்லாம் தன் மாட்யூல் (கெர்னலோடு சேரும் துணைப் பகுதி) பொருந்தவில்லை என்று நின்றுவிடும். விர்ச்சுவல் மெஷின் ஓட்டும் இன்னொரு வசதியான கேவிஎம்மில் அந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் அது 2007-இல் வந்த 2.6.20 பதிப்பிலிருந்தே லினக்ஸ் கெர்னலுக்குள் இருக்கிறது. மெஷினை ஓட்டும் கியூஎமுவையும் அதை ஜன்னல் வழியாக நிர்வகிக்கும் விர்ட்-மேனேஜரையும் நிறுவி, கணினி தொடங்கும்போது வரும் பயாஸ் அமைப்பில் விடி-எக்ஸ் (விர்ச்சுவல் மெஷினுக்கான இன்டெல் பிராசஸர் வசதி, ஏஎம்டி என்றால் எஸ்விஎம்) ஆன் செய்திருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய இடம் ஒன்றுதான்: விர்ட்ஐஓ, அதாவது விர்ச்சுவல் மெஷினுக்கென்றே வடிவமைத்த வேகமான டிஸ்க், நெட்வொர்க் வகை. விர்ட்-மேனேஜர் விண்டோஸுக்குத் தானாகக் கொடுக்கும் டிஸ்க், சாதாரணக் கணினியில் இருப்பது போன்ற சாட்டா வகை. அப்படியே விட்டால் நிறுவல் சிக்கலில்லாமல் முடியும், ஆனால் டிஸ்க் வேகம் குறையும். அதனால் நிறுவும் முன் அமைப்பை மாற்றும் பெட்டியை டிக் செய்து, டிஸ்க், நெட்வொர்க் இரண்டையும் விர்ட்ஐஓ ஆக்கி, விர்ட்ஐஓ டிரைவர்கள் உள்ள ஐஎஸ்ஓ கோப்பை (சிடியின் நகல்) இரண்டாவது சிடியாகச் சேர்த்துவிடுங்கள். விண்டோஸ் நிறுவலில் எந்த டிஸ்க் என்று கேட்கும் பக்கம் வெறுமையாக வரும், பயப்படாதீர்கள். 'லோட் டிரைவர்' அழுத்தி, அந்த சிடியில் டிஸ்க் டிரைவர் உள்ள வயோஸ்டோர் ஃபோல்டரைக் காட்டினால் டிஸ்க் உடனே வந்துவிடும். கையோடு நெட்வொர்க்குக்கான நெட்கேவிஎம் டிரைவரையும் ஏற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் விண்டோஸ் 11 இன்டர்நெட் கேட்டு நடுவில் நிற்கும். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும், எஸ்டபிள்யூ-டிபிஎம் பேக்கேஜ் போட்டால் அது மென்பொருளாகவே கிடைத்துவிடும். கடைசியில் விண்டோஸுக்குள் ஸ்பைஸ் கெஸ்ட் டூல்ஸ் என்ற துணை மென்பொருளைப் போடுங்கள், அப்போதுதான் இரண்டு பக்கமும் காப்பி பேஸ்ட் ஆகும், ஜன்னலை இழுத்தால் திரையும் கூடவே விரியும்.

ஸ்கேனரை யூஎஸ்பி ஹோஸ்ட் டிவைஸாக, அதாவது விர்ச்சுவல் மெஷினுக்கே நேரடியாக ஒப்படைக்கும் கருவியாக, சேர்த்தேன். விண்டோஸில் 'டிங்' என்று சத்தம் வந்தது, ஸ்கேனரின் பச்சை விளக்கு எரிந்தது, முதல் பக்கம் ஒழுங்காக வந்து விழுந்தது. அந்த நேரத்தில் எனக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமில்லை! (விர்ச்சுவல் மெஷின் எடுத்துக்கொண்டிருக்கும்வரை லினக்ஸுக்கு ஸ்கேனர் கிடைக்காது, அது இயல்புதான்.)

ரொம்பப் பிடித்தது, விண்டோஸின் டிஸ்க் முழுக்க ஒரே ஒரு கியூகவ்2 (கியூஎமுவின் டிஸ்க் வடிவம்) கோப்பாக இருப்பது. 64 ஜிபி என்று கொடுத்தாலும், உள்ளே நிரம்ப நிரம்பத்தான் இடம் பிடிக்கும். பெரிய அப்டேட்டுக்கு முன் மெஷினை அணைத்துவிட்டு அந்தக் கோப்பை நகலெடுத்து வைத்துக்கொள்கிறேன், கெட்டுப்போனால் பழையதைத் திரும்ப வைத்தால் முடிந்தது.

ரேம் மட்டும் தாராளமாக வேண்டும். விண்டோஸ் 11-க்கே குறைந்தது 4 ஜிபி, ஆகவே மொத்தம் 8 ஜிபி உள்ள கணினியில் பிரவுசரும் கூடவே திறந்திருந்தால் திணறும், 16 இருந்தால் கவலையில்லை. விண்டோஸ் உரிமமும் முறைப்படி தனியாக வேண்டும். விளையாட்டுக்கு இதை நம்பி வராதீர்கள். ஆன்டி-சீட் (ஏமாற்று வேலையைத் தடுக்கும் நிரல்) உள்ள பல கேம்கள் விர்ச்சுவல் மெஷின் என்று தெரிந்ததும் திறக்க மறுக்கும், கனமான வீடியோ எடிட்டிங்குக்கும் கிராஃபிக்ஸ் கார்டைத் தனியாக உள்ளே ஒப்படைக்கும் வேலை வேண்டும், அது வேறு கதை. கணக்கு மென்பொருள், பழைய கருவிகளின் மென்பொருள், விண்டோஸில் மட்டும் திறக்கும் ஒன்றிரண்டு நிரல்கள் என்றால் தயங்காமல் போடலாம்.

போன வாரம் டூயல் பூட்டுக்காக (ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம்) வைத்திருந்த விண்டோஸ் பார்ட்டிஷனை அழித்து, அந்த இடத்தை லினக்ஸுக்கே கொடுத்துவிட்டேன்.