ஒன்பது வருட சிசிடிவி வேலையில் அதிகம் பழுதானவை

கிருஷ்ணகிரியில் சிசிடிவி மாட்டுவதும் சர்வீஸ் பார்ப்பதுமாக ஒன்பது வருடம் ஓடிவிட்டது. விலை விசாரிக்க வருகிறவர்கள் முதலில் கேட்பது எத்தனை மெகாபிக்சல் என்றுதான். ஆனால் நான் சர்வீஸுக்குப் போன இடங்களில் கேமராவே கெட்டுப்போயிருந்தது குறைவு. கேமரா வயரை மாட்டும் பிஎன்சி முனையில் பச்சை பூத்திருக்கும், கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி போயிருக்கும், வயரை எலி கடித்திருக்கும், இல்லையென்றால் ஹார்டு டிஸ்க்.

சந்தூர் பக்கம் ஒரு மாந்தோப்பு. "தம்பி, பகல்ல பளிச்சுனு தெரியுது, பொழுது சாஞ்சா இருட்டாயிடுது" என்றார் தோப்புக்காரர். எனக்கு முன்னால் வந்தவர் ரெண்டு தடவை கேமராவையே மாற்றிவிட்டுப் போயிருக்கிறார். நான் சாயங்காலம் வரை அங்கேயே இருந்தேன். வீட்டிலிருந்து கேமராவுக்கு 60 மீட்டர், படமும் கரண்டும் சேர்ந்து போகும் மெல்லிசான 3+1 கேபிள். கேமரா முனையில் மல்டிமீட்டரை வைத்தால் பகலில் 10.8 வோல்ட் காட்டுகிறது. இருட்டியதும் இருட்டில் படம் எடுக்க உதவும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரிய ஆரம்பித்தன, சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள் தெரிந்தன, மீட்டர் 9-க்குக் கீழே இறங்கியது, கேமரா அணைந்தது. அணைந்ததும் வோல்ட் ஏறுகிறது, கேமரா உயிர் பெறுகிறது, மறுபடி ஐஆர், மறுபடி அணைவு. கேமரா பக்கத்திலேயே மோட்டார் கொட்டகையில் கரண்ட் இருந்தது, அங்கே தனி அடாப்டர் போட்டதோடு சரியாகிவிட்டது. நீளமான மெல்லிசு வயரில் வோல்ட் குறைந்ததுதான் கோளாறு. அதனால் தூரம் அதிகம் என்றால் நெட்வொர்க் வயரில் ஓடும் ஐபி கேமரா, அதே வயரில் கரண்டும் கொடுக்கும் பிஓஇ சுவிட்ச் என்று போய்விடுங்கள். ஒரே கேட்-6 வயரில் 48 வோல்ட் அளவில் கரண்டும் படமும் போகும், 100 மீட்டர் வரை கவலையில்லை. வயர் முழுக் காப்பரா என்று மட்டும் வெட்டிச் சுரண்டிப் பாருங்கள், அலுமினியத்துக்கு மேல் செம்பு பூசியதும் அதே பெயரில் கடையில் கிடைக்கிறது.

ஹார்டு டிஸ்க் விஷயம் இன்னும் மனசில் இருக்கிறது. காவேரிப்பட்டணத்தில் ஒரு மளிகைக் கடை, செலவைக் குறைக்கச் சொன்னார்கள் என்று பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய டிஸ்க்கை நான்தான் போட்டுக் கொடுத்தேன். நாலு வருடம் கழித்து ஒரு ராத்திரி பூட்டை உடைத்து கல்லாவில் இருந்ததை எடுத்துப் போய்விட்டார்கள். காலையில் ப்ளேபேக் போட்டால் மூன்று வாரமாக ஒரு பதிவும் இல்லை. "படம் ஓடிட்டுத்தானே இருந்துச்சு தம்பி?" என்று அந்த அக்கா கேட்டபோது எனக்குப் பேச்சு வரவில்லை. ஆமாம், ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் நேரலை தெரிவதற்கு டிஸ்க் வேண்டியதில்லை, அதனால் டிஸ்க் செத்தது யாருக்கும் தெரியவில்லை. பதிவு செய்யும் பெட்டியான டிவிஆர் பீப் அடித்திருக்கும், சத்தம் தொந்தரவு என்று யாரோ மெனுவில் அதை நிறுத்தியிருந்தார்கள். அன்றிலிருந்து 24 மணி நேரமும் எழுதுவதற்கென்றே வருகிற டிஸ்க்தான் போடுகிறேன், டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் ரெண்டும் எனக்கு நன்றாக உழைத்திருக்கின்றன. சர்வீஸுக்குப் போனால் முதலில் நேற்றைய பதிவைத்தான் ஓட்டிப் பார்ப்பேன்.

டிஸ்க்கில் எத்தனை நாள் பதிவு நிற்கும் என்பதையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு கேமராவுக்குப் பதிவு வேகம் 2 எம்பிபிஎஸ் (நொடிக்கு 2 மெகாபிட்) வைத்தால் நாளைக்குச் சுமார் 21 ஜிபி. நாலு கேமரா, 1 டிபி டிஸ்க் என்றால் பத்துப் பதினோரு நாள்தான். வெளியூர் போய் ரெண்டு வாரம் கழித்துத் திரும்புகிறவர்களுக்கு அது போதாது.

கிரானைட் பட்டறைகளில் அரைக்கோளக் கண்ணாடி மூடிய டோம் கேமரா வேண்டாம். கண்ணாடியில் மாவு மாதிரி தூசி படிந்து ராத்திரி ஐஆர் வெளிச்சம் அதிலேயே பட்டுத் திரும்பி வெள்ளையாகத் தெரியும், குழாய் மாதிரி நீண்டிருக்கும் புல்லட் கேமரா நல்லது. தோப்புகளில் சிலந்தி. ஐஆருக்கு வரும் பூச்சியைப் பிடிக்க லென்ஸ் முன்னாலேயே வலை கட்டும், மாசம் ஒரு தடவை துடைப்பதைத் தவிர வழியில்லை.

அப்புறம் நேரம். கரண்ட் அடிக்கடி போகிற ஊர்ப்பக்கம் டிவிஆருக்குள் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்திருந்தால் தேதி பல வருடம் பின்னால் போய் நிற்கும். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவில் இந்த மாதிரிப் பதிவுகளைக் கோர்ட்டில் கொடுக்க ஹாஷ் மதிப்போடு (ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) சான்றிதழ் கேட்கிறார்கள். பதிவில் தேதியே தப்பாக இருந்தால் அதை விளக்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ரெண்டு நிமிஷ வேலை, இன்றைக்கே திரையில் இருக்கும் மணியை உங்கள் போனோடு ஒத்துப் பாருங்கள்.