ஓவர்போர்ட்: 1987-ஆ, 2018-ஆ?

ஒரே கதை, இரண்டு ஹாலிவுட் படங்கள். பழையதில் சொகுசுப் படகுச் சீமாட்டி கோல்டி ஹான். சீடர் மரத்தில் செய்யாமல் ஓக்கில் அலமாரி செய்துவிட்டான் என்று கூலி தராமல் தச்சன் கர்ட் ரஸ்ஸலைத் தண்ணீரில் தள்ளுகிறாள். பிறகு அவளே விழுந்து நினைவிழக்க, ‘என் மனைவி’ என்று தச்சன் கூட்டிப்போய்த் தன் நான்கு பையன்களையும் வீட்டு வேலையையும் தலையில் கட்டுகிறான். சிரிப்பு வருகிறது, யோசித்தால் இது கடத்தல் அல்லவா!

புதியதில் பணக்காரர் யூஜெனியோ டெர்பெஸ். ஏமாற்றுவது மூன்று பெண்களின் தாயான ஆனா ஃபேரிஸ். உடம்பு வளைந்தே பழகாத மனுஷனைக் கட்டட வேலைக்கு அனுப்புகிறாள். நெருடல் குறைகிறது, சரி. அப்புறம் காரமும் குறைந்துபோகிறதே! ஹானும் கர்ட் ரஸ்ஸலும் நிஜத்திலும் ஜோடி. அந்தப் பொறி இங்கே இல்லை. நான் பழையதைத்தான் மறுபடி போடுவேன், முகம் சுளித்துக்கொண்டே.