முதல் ஃபெசன்ட் வேட்டைக்கு 30 கிராமா, 32 கிராமா?

வெள்ளவத்தையிலிருந்து இங்கிலாந்து போன இடத்தில் மச்சான் ஃபெசன்ட் (கோழி இனத்து வேட்டைப் பறவை) சுடக் கூப்பிடுகிறார் (அங்கே பருவம் அக்டோபர் 1 முதல் பெப்ரவரி 1 வரை). 12 போர் (bore, குழல் விட்ட அளவு) துவக்குக்கு எந்தத் தோட்டா?

30 கிராம் (தோட்டாவுக்குள் உள்ள சன்னங்களின் மொத்த எடை), 6ஆம் இலக்கம் (ஒரு சன்னத்தின் பருமன்): 2.6 மில்லிமீற்றர் ஈயச் சன்னம் ஏறத்தாழ 285 இருக்கும், உதையும் குறைவு.

32 கிராம், 5ஆம் இலக்கம்: 2.8 மில்லிமீற்றர், சுமார் 250. உயரப் பறப்பதற்கு நல்லதுதான். ஆனால் உதை கூட. பழகாத தோள் இரண்டு வெடியிலேயே கூசும், அப்புறம் விசையை இழுக்கும்போதே கண் மூடிவிடும். புதியவருக்கு என் தெரிவு 6தான்.

எதை எடுத்தாலும் தக்கை (மருந்துக்கும் சன்னத்துக்கும் நடுவே இருக்கும் அடைப்பு) நாரால் ஆனதா என்று பாருங்கள். பிளாஸ்டிக் தக்கையைப் பல பண்ணைகளில் விடமாட்டார்கள். திரும்புமுன் கோட்டுப் பையையும் உதறுங்கள். ஒரு தோட்டா கிடந்தாலும் ஹீத்ரோவில் விளக்கம் சொல்லி முடிவதற்குள் கொழும்பு விமானம் போய்விடும்.