பச்சை விளக்கை நம்பி 18,000 யென் போச்சு

நேற்று மாலைதான் ஃபிலிம் கழுவி வந்தது. கோபம் இன்னும் ஆறவில்லை. ஜப்பானில் இருந்துகொண்டு பழைய ஃபிலிம் கேமரா தேடுகிறவர்கள் தயவுசெய்து படியுங்கள்.

யாஷிகா எலக்ட்ரோ 35 ஜிஎஸ்என். 1973-இல் வந்த ரேஞ்ச்ஃபைண்டர், அதாவது சிறு ஜன்னலில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்கிற கேமரா. 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸ். அப்பர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவை) மட்டும் நாம் வைத்தால் போதும், ஷட்டர் வேகத்தை 30 விநாடியிலிருந்து 1/500 வரை அதுவே பார்த்துக்கொள்ளும். எனக்குப் பல வருட ஆசை. பழைய பொருள்களைக் கைமாற்றும் ஒரு செயலியில் 18,000 யென்னுக்குக் கிடைத்தது.

"உண்மையிலேயே வேலை செய்கிறதா?" என்று விற்றவரிடம் கேட்டேன். தாத்தாவின் கேமராவாம், பத்திரமாக வைத்திருந்தார்களாம். பத்து நிமிடத்தில் ஒரு படமும் வந்தது. பேட்டரி பட்டனை அழுத்தினால் எரிகிற பச்சை விளக்கு. அந்தப் படத்தைப் பார்த்துத்தான் நம்பினேன். பேட்டரியில் உயிர் இருக்கிறது என்பதற்கு மேல் அந்த விளக்கு எதையும் சொல்லாது. அது அப்போது எனக்குத் தெரியாது.

பெட்டி வந்த அன்று என் கையிலும் விளக்கு எரிந்தது. "பொருள் கிடைத்தது, திருப்தி" என்று அழுத்தினேன். அழுத்தியதும் பணம் அவருக்குப் போய்விட்டது.

டோக்கியோவின் உவேனோ பூங்காவில் சகுரா (செர்ரிப் பூ), மகள் முதன்முதலாக அதைப் பார்த்த நாள். 36 படம். பாதிக்கு மேல் வெளுத்துக் கிடக்கின்றன, மிச்சத்தில் ஆரஞ்சுக் கோடுகள். அந்தப் பூ உதிர்ந்து இரண்டு வாரமாகிறது.

பழுதுபார்ப்பவர் ஃபிலிமை நகர்த்தும் லீவரை ஒரு தடவை இழுத்தார், அவ்வளவுதான். "டக் என்று கேட்க வேண்டும், கேட்கவில்லை" என்றார். உள்ளே சின்ன ரப்பர் துண்டு ஒன்று நைந்துபோனால் ஷட்டர் கணக்கே தப்புமாம். இந்த வகைக் கேமராவுக்கு ஊரறிந்த நோயாம்.

விற்றவருக்கு எழுதினேன். "என்னிடம் இருந்தவரை சரியாகத்தான் இருந்தது." மறுபடி எழுதினேன். "உங்களுக்குப் பயன்படுத்தத் தெரியவில்லை போல." மூன்றாவதுக்குப் பதிலே இல்லை. செயலிக்காரர்களோ, பரிவர்த்தனை முடிந்துவிட்டது, நீங்களே பேசிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். யாரிடம் பேச? 18,000 யென்!

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. லீவர் இழுக்கும் சத்தம் கேட்கிற மாதிரி வீடியோ கேளுங்கள். வெயிலில் ஒரு தடவை, இருட்டில் ஒரு தடவை ஷட்டரை அழுத்திக் காட்டச் சொல்லுங்கள், இருட்டில் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். பின்கதவுப் பஞ்சு பிசுபிசுவென்று இருந்தால் வெளிச்சம் உள்ளே கசியும். அப்புறம், ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்க்காமல் அந்தத் "திருப்தி" பட்டனைத் தொடாதீர்கள்.