மூடியைப் பின்னால் சாய்க்காதீர்கள்

"உங்க லேப்டாப் மாதிரியே பழசு ஒண்ணு 500 வெள்ளிக்கு (ரிங்கிட்) வருதுங்க, எடுக்கலாமா?" என்று பக்கத்துத் தாமான் (குடியிருப்பு) நண்பர் போன வாரம் கேட்டார். ஒட்டுக்கடையில் தே தாரிக் ஆறிப்போகும்வரை சொல்லியும் முடியவில்லை. மீதி இது.

2016இல் வாங்கினேன். கீபோர்டு தங்கம். ஆங்கில எழுத்துகளை ஒலிப்படி தட்டித் தமிழ் எழுதும் அஞ்சல் முறையில் தட்டித் தட்டி 'A' எழுத்தே அழிந்துவிட்டது, விசை மட்டும் இன்னும் புதுசு போல எழும்புகிறது. விண்டோஸ் 11க்கு இது தேறாது, அது தெரிந்த கதை.

என் கோபம் திரைமேல்தான். போன தீபாவளிக்கு முன்பு, மூடியைக் கொஞ்சம் பின்னால் சாய்த்தால் பட்டென்று இருட்டு, முன்னால் இழுத்தால் வெளிச்சம். டியூஷன் பிள்ளைகள் பக்கம் திருப்பினால் கணக்குப் பாதியிலேயே காணாமல் போகும். துணி கிளிப்பும் மடித்த பேப்பரும் செருகி, கோணம் மாறாமல் மூன்று மாதம் ஓட்டினேன். "தொட்டில் கட்டித் தாலாட்டுங்க" என்றார் மனைவி.

ஈப்போவில் ஒரு கடையில் தொட்டுக்கூடப் பார்க்காமல் "பேனல் (திரைப் பலகை) போச்சு, 450 வெள்ளி" என்றார்கள். சுங்கை சிப்புட் திரும்பும் வழியெல்லாம் எரிச்சல். இரவில் நானே சோதித்தேன். எச்டிஎம்ஐ வழியாக டிவியில் இணைத்தால் படம் சுத்தமாக வந்தது, ஆகவே கிராபிக்ஸ் சிப்பில் குறையில்லை. விண்டோஸ் தொடங்குமுன் வரும் பயாஸ் திரையிலும் சாய்த்தால் இருட்டு, ஆகவே விண்டோஸின் டிரைவர் மென்பொருள் கோளாறும் இல்லை. கடைசியாக விளக்கை அணைத்து, இருண்ட திரையில் டார்ச் அடித்தேன். பேய் மாதிரி மங்கலாக எழுத்துகள் தெரிந்தன! பேனல் படம் வரைகிறது, அதைப் பின்னாலிருந்து வெளிச்சமாக்கும் பின்னொளிக்குத்தான் மின்சாரம் போகவில்லை. படமும் பின்னொளி மின்சாரமும் கீலுக்குள் நுழைந்துபோகும் ஒரே கேபிளில்தான் வருகின்றன. மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் அது வளையும். முடி போன்ற கம்பி, ஒன்பது வருடம், அறுந்தது.

கைப்பேசி பழுதுபார்க்கும் தம்பியிடம் கொடுத்தேன். முதலில் வந்தது 40 முனை கேபிள், என்னுடையதற்கு வேண்டியது 30 முனை. பழைய கேபிளில் ஒட்டியிருந்த எண்ணைப் பார்த்து மறுபடி வரவழைக்க இரண்டு வாரம். கேபிள் 38, கூலி 40, ஆக 78 வெள்ளி.

சரி, தீர்ந்தது. ஆனால் அவன் கழற்றிக் காட்டியதைப் பார்த்ததும் மறுபடி வயிறு எரிந்தது. கேபிளைக் கீலின் இரும்போடு உரசும்படி திணித்து வைத்திருக்கிறார்கள். அரை அங்குலம் தளர்வாக விட்டிருந்தால் என்ன குறைந்துபோகும்? இதைத் தெரிந்தே செய்திருந்தால் மன்னிக்க மாட்டேன், தெரியாமல் செய்திருந்தாலும்தான்.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். வேறு யாரும் தூக்கிக்கொண்டு போவதற்குள் எனக்கு மட்டும் ஒரு போன் போடுங்கள். அந்தக் கீபோர்டு எனக்கு வேண்டும்.