சான் செபாஸ்டியனின் இகெல்தோ மலை ரயில்: இலையுதிர்காலப் பயணிகளுக்கு

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு வழியாக ஐரோப்பா செல்ல எண்ணும் நம் ஊர்க் குடும்பங்களுக்கு, ஸ்பெயினின் பாஸ்க் கடற்கரை நகரான சான் செபாஸ்டியனில் நான் முதலில் பரிந்துரைப்பது இகெல்தோ மலையேறும் சிறிய ரயிலைத்தான். 1912-இல் தொடங்கிய இது, மரத்தாலான பழைய பெட்டிகளோடு இன்றும் ஓடுகிறது. ஒரு பெட்டி ஏறும்போது அதே கம்பிவடத்தில் பிணைந்த மற்றொன்று இறங்கி வர, நடுவழியில் இரண்டும் ஒன்றையொன்று விலகிச் செல்வதைப் பார்ப்பதே தனி இன்பம். மூட்டுவலியால் நம் கோட்டை மலைப் படிகளைத் தவிர்க்கும் என் மாமியார், இங்கே சிரமமின்றி உச்சிக்கு வந்து, பிறை வடிவில் வளைந்த லா கொஞ்சா கடற்கரையையும் அதன் எதிரே நிற்கும் சாந்தா கிளாரா தீவையும் நெடுநேரம் ரசித்தார்.

அக்டோபரில் கோடைக்கூட்டம் குறைந்துவிடும், ஆனால் மழை அடிக்கடி வரும். கடற்காற்றுக்குக் குடை நிற்காது என்பதால் மழைக்கோட்டு அவசியம். மலையடிவாரத்தில் பாஸ்க் சிற்பி சில்லிதா 1977-இல் நிறுவிய எஃகுச் சிற்பங்களையும் காணலாம். அலை பெரிதாக எழும் நாளில் அங்குள்ள தரைத் துளைகளின் வழியே காற்றும் நீரும் சீறி வருகின்றன. மேகம் இறங்கிய வேளையில் உச்சியிலிருந்து எதுவும் தெரியாது என்பதால், வானம் வெளுத்த பிறகே பயணச்சீட்டு வாங்குவது நல்லது.