ரவுட்டரில் குடும்ப டிஎன்எஸ்: நீண்ட காலப் பயன்பாட்டுக்குப் பிறகு

"பிள்ளைக்கு டேப் வாங்கியாச்சு, ரவுட்டரில் குடும்ப டிஎன்எஸ் போட்டால் போதுமா?" என்று கேட்கும் நண்பர்களுக்காக இதை எழுதுகிறேன். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை அதன் எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை. குடும்ப டிஎன்எஸ் என்றால், ஆபாசத் தளங்களுக்கு அந்த முகவரியைத் தர மறுப்பது. ரவுட்டர் பக்கத்தில் எப்படி நுழைவது என்பது உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் நியாயமாகப் பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுகிறேன். ஒரே இடத்தில் இரண்டு எண்களை மாற்றினால், வீட்டிலிருக்கும் டிவி முதல் பழைய லேப்டாப் வரை எல்லாவற்றுக்கும் ஆபாசத் தளங்கள் அடைபடுகின்றன. காசு இல்லை, ஆப் இல்லை, பேட்டரி செலவில்லை, வேகமும் குறைவதில்லை. கிளவுட்ஃபிளேரின் குடும்ப முகவரிகள் 1.1.1.3, 1.0.0.3. இவை தீம்பொருள் தளங்களையும் சேர்த்துத் தடுக்கும். கடைசி எண் 2 ஆக இருந்தால் தீம்பொருளை மட்டும்தான் தடுக்கும், ஆபாசத்தைத் தடுக்காது. ஓபன்டிஎன்எஸ் ஃபேமிலிஷீல்டுக்கு 208.67.222.123, 208.67.220.123. கிளீன்பிரவுசிங்கின் குடும்ப வடிகட்டிக்கு 185.228.168.168, 185.228.169.168. மூன்றில் கடுமையானது இதுதான். தேடலில் பாதுகாப்புத் தேடலையும் யூடியூபில் கட்டுப்பாட்டுப் பயன்முறையையும் தானே திணிக்கும், தடையைச் சுற்றிப் போக உதவும் விபிஎன் தளங்களையும் மூடும்.

போட்ட பிறகும் "ஒன்றும் அடைபடவில்லையே" என்பவர்கள் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, இரண்டாவது டிஎன்எஸ் கட்டத்தில் 8.8.8.8 (எதையும் வடிகட்டாத கூகுள் டிஎன்எஸ்) இருக்கிறதா? முதலாவது விழுந்தால்தான் இரண்டாவதிடம் போகும் என்று பலர் நம்புகிறார்கள். பல கருவிகள் இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்கும். அதனால் ஒரே தளம் காலையில் அடைபடும், மாலையில் திறக்கும். இரண்டு கட்டத்திலும் ஒரே சேவையின் எண்கள்தான் இருக்க வேண்டும். இரண்டு, டிஎச்சிபி பக்கம், அதாவது வீட்டுக் கருவிகளுக்கு ரவுட்டர் அமைப்புகளை வழங்கும் இடம். வான் (WAN) எனும் வெளி இணைய அமைப்புப் பக்கத்தில் மட்டும் மாற்றிவிட்டு, டிஎச்சிபி இன்னும் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ்ஸையே கருவிகளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தால் பயனில்லை. மாற்றிய பின் ஒவ்வொரு கருவியிலும் வைஃபையை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். மூன்று, ஐபிவி6 எனும் புதிய வகை இணைய முகவரி (மேலே சொன்ன எண்கள் பழைய ஐபிவி4 வகை). பலர் தொடாமல் விடும் ஓட்டை இது. ஐபிவி4 பக்கம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், ஐபிவி6 வழியாக நிறுவனத்தின் டிஎன்எஸ் வந்துவிட்டால் கருவி பெரும்பாலும் அதைத்தான் கேட்கும். கிளவுட்ஃபிளேர் என்றால் அங்கே 2606:4700:4700::1113 என்று போட வேண்டும். ரவுட்டர் அந்தக் கட்டத்தையே காட்டவில்லை என்றால் வீட்டு வலையில் ஐபிவி6-ஐ அணைத்துவிடுங்கள்.

எதிர்பாராமல் கிடைத்த பெரிய நன்மை யூடியூபில்தான். கட்டுப்பாட்டுப் பயன்முறை வந்தவுடன் வீடியோக்களின் கீழே கருத்துப் பகுதி மறைந்துவிடுகிறது. சின்னப் பிள்ளைகள் பார்க்கும் பாட்டு, வரைதல் வீடியோக்களில் அசிங்கம் பெரும்பாலும் வீடியோவுக்குள் இருக்காது, கீழே கருத்துகளில்தான் இருக்கும். இந்த ஒன்றுக்காகவே போடலாம். கடுமையான நிலையில் நல்ல பாட வீடியோக்களும் காணாமல் போகும். ஆசிரியர் அனுப்பிய இணைப்பு வீட்டில் திறக்காது. வீட்டிலேயே சிறு டிஎன்எஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் யூடியூப் பெயர்களை 216.239.38.119 பக்கம் திருப்பினால் மிதமான நிலை கிடைக்கும், 216.239.38.120 என்றால் கடுமையான நிலை. தளத்தின் முதன்மைப் பெயரை மட்டும் திருப்பினால் போதாது. மொபைல் தளம், யூடியூப் ஆப் பின்னணியில் தொடர்புகொள்ளும் இரண்டு ஏபிஐ பெயர்கள், பிற தளங்களில் பதியப்படும் நோ-குக்கி பெயர் என ஐந்தையும் திருப்புங்கள்.

இனி என் ஆற்றாமைக்கு வருகிறேன். இந்த வடிகட்டிகளில் பல ஊமையாக இருக்கின்றன. தடுத்த தளத்துக்கு 0.0.0.0 என்று ஒரு வெற்று முகவரியைத் திருப்பித் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. பிரவுசரில் "இந்தத் தளத்தை அணுக முடியவில்லை" என்று வரும். "இது தடுக்கப்பட்டது, பெரியவரிடம் சொல்" என்று எங்கும் ஒரு வரிகூட இல்லை. ஆப்களில் அதுவும் கிடையாது, வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பெரியவருக்கு இது சிறு தொல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்படியல்ல. எழுத்துப் பிழையோடு எதையோ தட்டியது, ஒரு விளம்பரத்தைத் தொட்டது, வெற்றுப் பக்கம் வந்தது. பிள்ளை என்ன நினைக்கும்? நெட் போய்விட்டது என்றுதான் நினைக்கும். மறுபடி தட்டும், அடுத்த முடிவைத் தொடும், அப்பாவின் போனை எடுக்கும், வைஃபையை அணைத்துப் பார்க்கும். மொபைல் டேட்டாவில் ரவுட்டரின் வடிகட்டிக்கு வேலையே இல்லை, பக்கம் சட்டென்று திறக்கும். தடையைத் தாண்டும் வழியை யாரும் சொல்லித் தராமலே, தடை ஒன்று இருந்ததென்றே தெரியாமல், பிள்ளை கற்றுக்கொண்டுவிடுகிறது. சின்னப் பிள்ளைகளின் பாதுகாப்பில் முதல் வேலை, விசித்திரமாக ஏதாவது வந்தால் உடனே வந்து சொல்லும் பழக்கத்தை வளர்ப்பது. அதற்குக் கிடைக்கும் மிக நல்ல தருணத்தை இந்த மௌனம் வீணாக்குகிறது. இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

தடுப்புப் பக்கம் காட்டும் சேவைகளும் இருக்கின்றனவே என்பீர்கள். இருக்கின்றன. ஆனால் இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் எச்டிடிபிஎஸ், அதாவது தளம் தன் பெயருக்கான சான்றிதழைக் காட்டினால்தான் பிரவுசர் நம்பும். அந்தச் சான்றிதழ் தடுப்புப் பக்கத்திடம் இருக்காது. அதனால் அந்தப் பக்கத்துக்கு முன்னால் "உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற சிவப்பு எச்சரிக்கை வந்து நிற்கும். விளக்கத்தைப் படிக்க வேண்டுமானால் பிள்ளை எச்சரிக்கையை மீறி "தொடர்க" என்று தட்ட வேண்டும். எந்தப் பழக்கம் வரவே கூடாதோ அதை நாமே பழக்கியதாகிவிடும். சேவையின் மூலச் சான்றிதழை (மற்ற சான்றிதழ்களுக்கு உறுதி தருவது) ஒவ்வொரு கருவியிலும் நிறுவினால் எச்சரிக்கை வராது. ஆனால் அந்தச் சான்றிதழை வைத்திருப்பவர் எந்தத் தளத்தின் பெயரிலும் போலிச் சான்றிதழ் தர முடியும். பிள்ளையின் கருவியில் அதை நான் நிறுவ மாட்டேன்.

மாற்று வழி ஒன்று உண்டு, எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைக்கும் புரியும். குரோமில் இணையமே இல்லாதபோது டைனோசர் வரும். தளம் தடுக்கப்பட்டால் டைனோசர் வராது, சோகமுகம் கொண்ட சாம்பல் நிறக் காகிதம்தான் வரும். "டைனோசர் வந்தால் நெட் இல்லை, காத்திரு. சோகக் காகிதம் வந்தால் எதையும் தொடாமல் என்னைக் கூப்பிடு" என்று சொல்லிக் கொடுங்கள். தளம் தற்செயலாக விழுந்திருந்தாலும் அதே காகிதம்தான் வரும். பரவாயில்லை, பிள்ளை கூப்பிடுகிறதே, அது போதும். சில சேவைகள் சோதனைக்கென்றே தீங்கில்லாத ஒரு தள முகவரி வைத்திருக்கின்றன. அதைப் பிள்ளையின் டேபிலேயே திறந்து, இரண்டு பேரும் சேர்ந்து அந்தக் காகிதத்தைப் பாருங்கள். கூப்பிட்டு வந்த பிள்ளையிடம் "எதைத் தட்டினாய்?" என்று குரலை உயர்த்தினால் அடுத்த முறை வராது.

பள்ளி விஷயத்தில் இன்னொரு சிக்கல். மேலே சொன்ன எண்களுக்குக் கணக்கு எதுவும் கிடையாது, ஆகவே விதிவிலக்குப் பட்டியலும் கிடையாது. பள்ளி பயன்படுத்தும் கோப்புத் தளமோ பயிற்சித் தளமோ தவறாக அடைபட்டால், வகைப்பாடு தவறு என்று சேவைக்கு எழுதிவிட்டுக் காத்திருக்கலாம், அல்லது வீடு முழுக்க வடிகட்டியை எடுக்கலாம். வீட்டுப்பாடம் ஒன்றுக்காக எடுத்ததைத் திரும்பப் போட மறந்த வீடுகள் நிறைய. கணக்கு வைத்துப் பயன்படுத்தும் சேவையில் ஒரு தளத்தை மட்டும் திறந்துவிடலாம். அப்படிப்பட்ட நெக்ஸ்ட்டிஎன்எஸ் சேவை மாதம் 3,00,000 கேள்விகள் (கருவிகள் தளப் பெயருக்கு முகவரி கேட்பவை) வரை இலவசம். பள்ளி கொடுத்த கருவி பள்ளியின் சொந்த வடிகட்டியோடு வந்திருந்தால் அதன் டிஎன்எஸ்ஸைத் தொடாதீர்கள். இரண்டும் மோதினால் உள்நுழைவே நின்றுபோகும்.

மற்ற ஓட்டைகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்ட்ராய்டு 9 முதல் இருக்கும் தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பில் வேறு பெயர் போட்டிருந்தால் ரவுட்டர் கணக்கிலேயே வராது. அதே இடத்தில் குடும்ப டிஎன்எஸ்ஸின் பெயரைப் போட்டால் மொபைல் டேட்டாவிலும் வடிகட்டி கூடவே போகும். போன் வைத்திருக்கும் பிள்ளைக்கு இதைக் கட்டாயம் செய்யுங்கள். பிரவுசருக்குள் இருக்கும் பாதுகாப்பான டிஎன்எஸ் அமைப்பையும் பாருங்கள், அதுவும் ரவுட்டரைத் தாண்டிப் போகலாம். ரவுட்டரில் கருவிவாரியாக நேரக் கட்டுப்பாடு வைத்திருந்தால், அந்தக் கருவியில் வீட்டு வைஃபைக்கு மட்டும் சீரற்ற மேக் முகவரியை (வலையில் கருவியின் அடையாள எண்ணை மாற்றிக் காட்டும் அமைப்பு) அணையுங்கள். இல்லாவிட்டால் முகவரி மாறியதும் ரவுட்டர் அதைப் புதுக் கருவி என்று நினைத்துக் கட்டுப்பாட்டைக் கைவிடும்.

விளையாட்டுக்குள் அந்நியர் அனுப்பும் செய்தி டிஎன்எஸ் கண்ணில் படவே படாது. அது பார்ப்பது தளத்தின் பெயரை மட்டும்தான், உள்ளே யார் என்ன பேசுகிறார்கள் என்பதை அல்ல. ஒவ்வொரு விளையாட்டுக் கணக்கிலும் அரட்டை, குரல், நண்பர் அழைப்பு மூன்றையும் தனித்தனியாகப் பூட்ட வேண்டும்.

இவ்வளவு பாராட்டிவிட்டு மதிப்பெண் என்று கேட்டால் ஐந்துக்கு இரண்டுதான் தருவேன். வேலையைச் செய்கிறது, செய்ததைப் பிள்ளையிடம் சொல்ல மறுக்கிறது. என் ரவுட்டரிலிருந்து எடுக்கப் போவதில்லை. ஆனால் கேட்ட நண்பருக்குப் பதில், "இன்று போடாதீர்கள்" என்பதுதான். முதலில் சோகக் காகிதத்தைக் காட்டிச் சொல்லிக் கொடுங்கள், பிள்ளையின் போனில் தனிப்பட்ட டிஎன்எஸ் வையுங்கள். ரவுட்டர் எண்களைக் கடைசியில் மாற்றுங்கள்.